காலத்திற்கு முன் திறந்த புட்டிகள்: பாரிஸ் தேர்வும் முப்பதாண்டு மேல்முறையீடும்

நெடுங்காலம் வைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்ட சிவப்பு ஒயின் ஒன்றை, அதன் உச்சப் பருவம் வருமுன் திறந்து சுவைக்கிறோம் என்று கொள்வோம். அப்போது நாம் சுவைப்பது அந்த ஒயினையா, அல்லது பின்னாளில் அது ஆகப்போகும் ஒன்றின் முன்வரைவையா? குடிப்பவரின் தனிப்பட்ட ஐயமாகத் தோன்றும் இக்கேள்வி, 1976ஆம் ஆண்டில் இரண்டு நாடுகளுக்கிடையே ஒரு வழக்காகவே உருவெடுத்தது. தீர்ப்பு ஒரே பிற்பகலில் வழங்கப்பட்டுவிட்டது. தோற்றவர் தரப்பின் மேல்முறையீடோ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த வழக்கின் வரலாற்றையும், அது எழுப்பும் சில சிந்தனைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

துவர்ப்பும் காலமும்

சிவப்பு ஒயின் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வெள்ளை ஒயினுக்குத் திராட்சையின் சாறு மட்டும் போதும். சிவப்பு ஒயினோ தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பது. நிறமும் துவர்ப்பும் அவற்றிலிருந்தே இறங்குகின்றன. துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருள் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. அதனால் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கின்றன. பிஞ்சு வாழைக்காயையோ கடுக்காயையோ கடித்தவர்களுக்கு இவ்வுணர்ச்சி புதிதன்று.

தக்கையிட்ட புட்டிக்குள் ஆண்டுகள் செல்லச் செல்ல, இந்த டானின்களும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறுகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. ஊதாச் சிவப்பு மெல்லச் செங்கல் நிறமாகிறது. பழ வாசனை பின்வாங்கி, உலர்ந்த இலை, தோல், புகையிலை, ஈரமண் போன்ற மணங்கள் முன்வருகின்றன. தோல் தடித்த கபெர்னே சொவின்யோன் திராட்சையை முதன்மையாகக் கொண்ட போர்தோ ஒயின்களில் இம்மாற்றம் மிக மெதுவாக நிகழும். நல்ல அறுவடை ஆண்டின் ஒயின் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகே பதமடையும் என்பது அப்பகுதியாரின் நெடுநாளைய நம்பிக்கை. நம் பத்துப்பாட்டுப் புலவர்களும், மூங்கிற் குழாயில் நெடுநாள் இருந்து ‘விளைந்த’ தேறலைப் பற்றிப் பேசுகின்றனர். பயிருக்கும் கள்ளுக்கும் ஒரே வினைச்சொல் என்பது கருதத்தக்கது. விளையுமுன் அறுப்பது இரண்டிலும் குற்றமே.

காத்திருத்தல் என்னும் புதிய பழக்கம்

ஆயினும் ஒயினைப் பழக வைத்து அருந்துவது ஐரோப்பாவின் தொன்றுதொட்ட வழக்கம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உரோமானியர் அதை அறிந்திருந்தனர். ஒபீமியுஸ் என்பவர் கான்சலாக இருந்த கி.மு. 121ஆம் ஆண்டின் அறுவடை, தலைமுறைகள் கடந்தும் புகழப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதிய பிளினி, அவ்வொயின் தேன்போல் இறுகிக் கரடுமுரடான சுவை கொண்டதாகிவிட்டது என்று குறிக்கிறார். உச்சத்தைக் கடந்த ஒயினுக்கு இதுவே பழைய சான்று எனலாம்.

உரோமப் பேரரசு மறைந்தபின் சாடிகளும் மறைந்தன, மரப்பீப்பாய்கள் வந்தன. பீப்பாய் ஒயின் காற்றுப்பட்டு அடுத்த கோடைக்குள் புளித்தது. ஆகவே இடைக்கால ஐரோப்பாவில் புது ஒயினுக்கே விலை, பழையது மலிவு. ஆங்கிலேயர் கப்பல் கப்பலாக இறக்கிக் குடித்த போர்தோ ஒயினும் அந்தந்த ஆண்டே தீர்க்கப்பட்ட வெளிறிய சிவப்புச் சரக்குதான்.

இந்நிலையை மாற்றியது திராட்சைத் தோட்டமன்று, கண்ணாடி உலை. கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று, 1615ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தார். நிலக்கரிக்கு மாறிய உலைகள் மிகுந்த வெப்பத்தைத் தந்தன. அதனால் தடித்த, கருநிறமான, உறுதியான புட்டிகள் பிறந்தன. ஐபீரியத் தீபகற்பத்தின் தக்கை அவற்றின் வாயை அடைத்தது. முதலில் வெங்காயம்போல் குந்தியிருந்த புட்டி, பதினெட்டாம் நூற்றாண்டின் போக்கில் மெலிந்து உருளையானது. உருளையானதால் அதைப் படுக்க வைக்க முடிந்தது. படுக்க வைத்ததால் தக்கை ஈரம் காயாமல் இறுகி நின்றது. ஒயின் காத்திருக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அதாவது, ‘உச்சப் பருவம்’ என்ற கருத்து புட்டியின் குழந்தை. அது பிறந்தபின் ஒரு சமூகத் தகுதியாகவும் வளர்ந்தது. வாங்கிய ஒயினை இருபது ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்க நிலவறை வேண்டும்; நிலவறைக்கு மாளிகை வேண்டும்; மாளிகையைக் காக்க வாரிசு வேண்டும். 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்தோவின் சிவப்பு ஒயின்கள் ஐந்து படிநிலைகளாகத் தரம்பிரிக்கப்பட்டன. அதன்பின் அத்தரவரிசையின் மேல்நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றே ஒன்றுதான் நிகழ்ந்தது: 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தப்பட்டது. ஒரு படி ஏற நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இத்தகைய உலகில்தான் 1976ஆம் ஆண்டின் அந்தப் பிற்பகல் வந்து சேர்ந்தது.

1976 மே 24

ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிசில் ஒயின் கடை ஒன்றும், ஒயின் பயிற்சிப் பள்ளி ஒன்றும் நடத்திவந்தார். அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, கலிபோர்னிய ஒயின்களைப் பிரெஞ்சு வல்லுநர்களுக்கு அறிமுகப்படுத்தலாம் என்ற எண்ணம் அவருடன் பணியாற்றிய அமெரிக்கப் பெண்மணி பட்ரீசியா கலஹருக்கும் அவருக்கும் தோன்றியது. ஒப்பீட்டிற்காகச் சிறந்த பிரெஞ்சு ஒயின்களையும் சேர்த்து, எது எதுவென்று அறியாதவாறு பெயர் மறைத்துச் சுவைக்கச் செய்வதென முடிவாயிற்று. பிரெஞ்சு ஒயின் வெல்லும் என்பதில் ஏற்பாட்டாளர்களுக்கே ஐயமில்லை.

நடுவர்கள் ஒன்பதின்மர், அனைவரும் பிரெஞ்சுக்காரர். புகழ்பெற்ற ஒயின் இதழின் ஆசிரியர் ஒதெத் கான், பர்கண்டியின் ரொமானே கோந்தித் தோட்டத்தின் உரிமையாளர்களுள் ஒருவரான ஓபேர் த வில்லேன், போர்தோவின் ஜிஸ்கூர் மாளிகையைச் சேர்ந்த பியேர் தாரி, தூர் தார்ழான், தாய்வான் போன்ற உயர்தர உணவகங்களின் பொறுப்பாளர்கள் என அவர்களின் தகுதியில் குறைகாண இயலாது.

முதலில் வெள்ளை ஒயின்கள். அதில் ஷாத்தோ மான்டெலீனா என்ற கலிபோர்னிய ஒயின் முதலிடம் பெற்றது. சிவப்பு ஒயின் தேர்வு தொடங்குமுன்பே இம்முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, நடுவர்கள் இரண்டாம் சுற்றில் விழிப்போடு அமர்ந்தனர்; பிரெஞ்சு ஒயினை அடையாளம் கண்டு உயர்த்திவிட வேண்டும் என்ற முனைப்பு அவர்களிடம் தெரிந்தது என்று பின்னாளில் பதிவுகள் கூறுகின்றன.

பத்துச் சிவப்பு ஒயின்கள் வைக்கப்பட்டன. நான்கு போர்தோவைச் சேர்ந்தவை: மூத்தோன் ரோத்ஷீல்ட், ஓ-பிரியோன், மோன்ரோஸ் ஆகியவற்றின் 1970ஆம் ஆண்டு அறுவடை, லெயோவீல் லாஸ் காசின் 1971ஆம் ஆண்டு அறுவடை. எஞ்சிய ஆறும் 1969க்கும் 1973க்கும் இடைப்பட்ட கலிபோர்னிய ஒயின்கள். ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மதிப்பெண். முடிவு இவ்வாறு அமைந்தது: முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973, இரண்டாவது மூத்தோன் ரோத்ஷீல்ட், மூன்றாவது மோன்ரோஸ், நான்காவது ஓ-பிரியோன், ஐந்தாவது கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971.

வந்திருந்த செய்தியாளர் ஒரே ஒருவர். டைம் இதழின் ஜார்ஜ் டேபர். கிரேக்கப் புராணத்தில் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தேவியருள் அழகியைத் தேர்ந்த பாரிஸ் இளவரசனை நினைவூட்டும் வண்ணம், ‘பாரிசின் தீர்ப்பு’ என்று அந்த இதழ் தலைப்பிட்டது. பிரெஞ்சு நாளிதழ்கள் சில மாதங்கள் கழித்தே, அதுவும் ஏளனத்தோடு, இதைத் தொட்டன. ஒதெத் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டதாகவும், ஸ்பரியர் மறுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

இங்கே ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. கதையாகச் சொல்லப்படும்போது இது பிரான்சின் படுதோல்வியாகவே ஒலிக்கிறது. உண்மையில் முதல் நான்கு இடங்களில் மூன்று பிரெஞ்சு ஒயின்களுக்கே கிடைத்தன. முதலிடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் இடையே சராசரியில் ஒரு மதிப்பெண்கூட வேறுபாடு இல்லை. ஒரு நடுவர் வேறு மனநிலையில் இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கும். போர்தோ தோற்றது மயிரிழையில்.

தோற்றவர் தரப்பு

போர்தோ தரப்பின் மறுப்புகளில் வலுவானது ஒன்றே: அவை காலத்திற்கு முன் திறக்கப்பட்ட புட்டிகள். 1970 ஒரு பெரிய அறுவடை ஆண்டு. துவர்ப்பு மிகுந்த, நெடுங்காலம் நிற்கக்கூடிய ஒயின்களைத் தந்த ஆண்டு. 1976இல் அவை ஆறு வயதுக் குழந்தைகள். பீப்பாயில் கழிந்த காலத்தை நீக்கினால் புட்டிக்குள் இன்னும் குறைவு. கலிபோர்னியாவின் வெயிலில் பழுத்த திராட்சை இளமையிலேயே இனிக்கும். போர்தோவோ முதலில் வாய் திறவாது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து வாருங்கள், அப்போது பார்ப்போம் என்பதே அவர்களின் அறைகூவல்.

இவ்வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்குவது முறையன்று. வரலாறு அதற்குத் துணை நிற்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டை நிலவறையில் 1870ஆம் ஆண்டு லஃபீத் ஒயின் பெரும்புட்டிகளில் வாங்கி வைக்கப்பட்டது. கோட்டைக்குரிய பிரபு சுவைத்துப் பார்த்து, அதன் கடுந்துவர்ப்புப் பிடிக்காமல் விட்டுவிட்டார். 1971ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் நாற்பதுக்கும் சற்று மேற்பட்ட புட்டிகள் வெளிவந்தபோது, நூறு வயதான அவ்வொயின் வியக்கத்தக்க செழுமையோடு இருந்ததாக ஏலத்துறை வல்லுநர் மைக்கேல் பிராட்பென்ட் பதிவு செய்தார். முதலில் சுவைத்தவர் சொன்னதே இறுதித் தீர்ப்பாகியிருந்தால் அந்த ஒயின் என்றோ தீர்ந்திருக்கும், அல்லது கொட்டப்பட்டிருக்கும்.

எனினும் இவ்வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, நடுவர்களின் தொழில் பற்றியது. போர்தோ ஒயின் வணிகமே இளம் ஒயினைப் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்து, அதன் எதிர்காலத்தைக் கணித்து விலை கூறும் வழக்கத்தின்மேல் நிற்பது. பூட்டிய வாய்க்குள் இருக்கும் சொல்லை முன்னறிவதே அத்தொழிலார் தமக்கென உரிமை கொண்டாடும் திறன். மற்றவர் ஒயின் வென்றபோது மட்டும் அத்திறன் செல்லாது என்பது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. அந்த அறையிலிருந்த பத்துச் சிவப்பு ஒயின்களில் மிக இளையது எது? வென்ற ஸ்டாக்ஸ் லீப்தான். 1970இல் நடப்பட்ட கொடிகளிலிருந்து 1973இல் பறித்த பழம். கொடிக்கு வயது மூன்று, ஒயினுக்கும் வயது மூன்று. அதைச் செய்த வாரன் வினியார்ஸ்கி, சிக்காகோவில் விரிவுரையாளராக இருந்து, அப்பணியை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தவர். இளமை ஒரு குறை என்றால் அக்குறை வென்றவருக்கே மிகுதி. அப்படியானால் போர்தோ தரப்பு உண்மையில் கூறியது வேறொன்று: எங்கள் இளமைக்கு எதிர்காலம் உண்டு, உங்கள் இளமைக்கு இல்லை. இது சுவை பற்றிய கூற்றன்று. பரம்பரை பற்றிய கூற்று.

மேல்முறையீடுகள்

நல்வாய்ப்பாக, ஒயின் வழக்கில் எதிர்காலம் வந்தே தீரும். புட்டிகள் எஞ்சியிருந்தன, நாட்காட்டி நகர்ந்தது.

இருபது மாதங்கள் கழித்து, 1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் அதே ஒயின்கள் மீண்டும் சுவைக்கப்பட்டன. முதல் மூன்று இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன. இது சொந்த மண்ணில் நடந்தது, காலமும் போதவில்லை. எனவே போர்தோ தரப்பு இதைப் பொருட்படுத்தாதது நியாயமே.

பத்தாண்டு நிறைவில், 1986இல், நியூயார்க்கின் பிரெஞ்சு சமையற்கலைக் கல்லூரியில் ஸ்பரியரே மறுதேர்வு நடத்தினார். போர்தோ ஒயின்களுக்கு இப்போது பதினாறு வயது. முதலிடம் க்ளோ து வால் 1972 என்ற நாப்பா ஒயினுக்கு; இரண்டாம் இடம் ரிட்ஜ் மான்டே பெல்லோவுக்கு; அதன்பிறகே மோன்ரோஸ். பாரிசில் வென்ற ஸ்டாக்ஸ் லீப் ஆறாம் இடத்திற்கு இறங்கியது. இத்தேர்வில் ஒரு நயம் பொதிந்திருக்கிறது. க்ளோ து வால் தோட்டத்தின் முதல் அறுவடையே 1972தான். அதைச் செய்த பெர்னார் போர்த்தே ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் தந்தை போர்தோவின் லஃபீத் மாளிகையில் ஒயின் பொறுப்பை வகித்தவர். காத்திருக்கும் கலையைக் கற்றவர் அக்கலையைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கடல் கடந்திருந்தார்.

இறுதி மேல்முறையீடு 2006 மே 24 அன்று, சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து நடைபெற்றது. லண்டனில் ஒன்பது நடுவர்கள், நாப்பாவில் ஒன்பது நடுவர்கள். ஒரே நாளில் இரண்டு கண்டங்களில் அதே பத்து ஒயின்கள் திறக்கப்பட்டன. 1976இன் நடுவர்களுள் மிஷேல் தொவாசும் கிறிஸ்தியான் வான்னெக்கும் இம்முறையும் பங்கேற்றனர். 1970ஆம் ஆண்டு போர்தோவுக்கு வயது முப்பத்தாறு. இன்னும் காலம் வரவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல இயலாது. வயதேறிய கலிபோர்னிய ஒயின்கள் சரிந்திருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர்.

ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 இரண்டு இடங்களிலும் முதலிடம் பெற்றது. மொத்தம் 137 புள்ளிகள். ஸ்டாக்ஸ் லீப் 119 புள்ளிகளோடு இரண்டாவது. மூன்றாம் இடத்தை ஹைட்ஸ், மயாகாமஸ் ஆகிய இரண்டும் பகிர்ந்துகொண்டன. ஐந்தாவது க்ளோ து வால். மூத்தோன் ரோத்ஷீல்ட் ஆறாவதாகவே வந்தது. 1976இல் மயிரிழையாக இருந்த வேறுபாடு, காலம் சேரச் சேர அகன்றிருந்தது. எந்தக் காலத்தைத் தம் சாட்சியாகப் போர்தோ தரப்பு அழைத்ததோ, அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்காகப் பேசிவிட்டது.

உச்சம் எங்கே இருந்தது?

இதனால் போர்தோவின் புகழ் பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். பத்து ஒயின்களைக்கொண்டு ஒரு நாட்டை அளக்க முடியாது. முப்பதாண்டுகள் கடந்த புட்டிகளில் ஒவ்வொன்றும் தனித்தனி வாழ்க்கை வாழ்ந்திருக்கும். தக்கை, நிலவறையின் வெப்பம், பயணம் என எல்லாமே அதன் சுவையை மாற்றும். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு.

நான்கு தேர்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். 1976இலும் 1978இலும் ஸ்டாக்ஸ் லீப், 1986இல் க்ளோ து வால், 2006இல் ரிட்ஜ். பத்தாண்டுகளில் ஆறாம் இடத்திற்கு இறங்கிய ஸ்டாக்ஸ் லீப், முப்பதாம் ஆண்டில் மீண்டும் இரண்டாம் இடத்திற்கு ஏறுகிறது. முதல் தேர்வில் ஐந்தாவதாக நின்ற ரிட்ஜ், கடைசித் தேர்வில் தனித்து உயர்கிறது. இவற்றுள் எது உண்மையான ரிட்ஜ்? 1976இல் அதன் உச்சத்திற்கு முன்னதாகத் திறந்து, அதற்கு ஐந்தாம் இடம் அளித்த நடுவர்களும் தவறு செய்யவில்லை. அன்றைக்கு அது அப்படித்தான் இருந்தது. ‘காலத்திற்கு முன் திறந்தீர்கள்’ என்ற முறையீட்டை எழுப்ப உண்மையான உரிமை பெற்றிருந்த ஒயின் ரிட்ஜ் என்பதையும், அதற்காக அன்று ஒருவரும் வாதாடவில்லை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

உச்சம் என்பது கடந்தபின்னரே தெரியவரும் இடம். அடுத்த புட்டி சற்றுக் குறைந்து சுவைக்கும்போதுதான், சென்ற புட்டியே உச்சமென்று அறிகிறோம். ஆகவே ஒவ்வொரு திறப்பும் ஓரளவு முந்தியது, அல்லது பிந்தியது. ஒரே பெட்டியில் பன்னிரண்டு புட்டிகள் வாங்கியவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறப்பது இதனால்தான். இளம்புட்டியைத் திறப்பவர் வீணாக்குவதுமில்லை; எஞ்சியவற்றை எவ்வளவு காலம் காக்கலாம் என்பதற்கு அந்த ஒன்றே அவரது அளவுகோல்.

இலக்கியம் பயில்வோர்க்கு இந்த வழக்கு அன்னியமானதன்று. பழமையானவை எல்லாம் நல்லவையாகிவிடா, இன்று தோன்றியது என்பதாலேயே ஒரு நூல் தீயதாகிவிடாது என்ற கருத்தை, பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் பாரிஸ் வழக்கு அதனினும் நுட்பமான ஒன்றைக் காட்டுகிறது. மரபுக்குப் பழமை மட்டும் சொத்தன்று. எதிர்காலத்தையும் அது தன் சொத்தாகவே கருதுகிறது. ‘காலம் எங்களைத்தான் நிலைநிறுத்தும்’ என்று மரபு சொல்லும்போது, புதியவருக்கு எஞ்சுவது இன்றைய பொழுது மட்டுமே. புதியவரிடமும் ஒரு நாளைய தினம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் நடுவர்களின் மனத்தில் அவ்வளவு எளிதில் எழுவதில்லை.

போர்தோ இதை விரைவிலேயே உணர்ந்தது என்று சொல்ல வேண்டும். மூத்தோன் மாளிகையின் பிலிப் த ரோத்ஷீல்ட், நாப்பாவின் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து ஓபஸ் ஒன் என்ற ஒயினை உருவாக்கினார். அதன் முதல் அறுவடை 1979. பாரிஸ் தோல்வி நிகழ்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. மேடையில் மேல்முறையீடு தொடர்ந்துகொண்டிருந்தபோதே, தோட்டத்தில் உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. வினியார்ஸ்கியின் 1973ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ஸ்பரியர் 2021இலும், வினியார்ஸ்கி 2024இலும் மறைந்தனர்.

அருங்காட்சியகத்திலுள்ள அந்தப் புட்டி மட்டும் இனித் திறக்கப்படப் போவதில்லை. அதன் உச்சம் வந்ததா, கடந்ததா என்று அறிய யாருக்கும் வழியில்லை. வழக்கைத் தொடங்கிவைத்த ஒயினுக்கு மட்டும் இப்படித் தீர்ப்பில்லாத ஓர் ஓய்வு கிட்டியிருப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.